பத்திக் துணியில் படித்த ஆங்கிலம்

1

போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வருடப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பு. இரண்டாம் பக்கத்தில், முகவரிக்குக் கீழே, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு சின்னச் சதுரங்கள். சமையலறை மேசையருகே நின்றபடியே ‘இல்லை’யில் புள்ளடி போட்டேன். போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

மாத்தளையில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பெரிய தெருவில் பலசரக்குக் கடையில் நின்ற அந்தோனியின் மூத்த மகள் ரீட்டா. இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடமாகிறது என்றால், இவள் இங்கிலீஷைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள் என்று நினைப்பீர்கள். ஊருக்குப் போன் எடுக்கும்போது நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். உண்மை வேறு. போன வருடம் வரைக்கும் இந்த மாதிரிப் படிவம் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. எல்லாவற்றையும் என் மகள் ஜெனிதான் நிரப்பினாள். அதனால் என்ன நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

நாங்கள் இருப்பது கவென்ட்ரி. என் கணவர் சேவியருக்குப் பாண் ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு தமிழருடைய மொத்தக் கடையின் பின்பக்கத்தில் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் பொதி செய்கிறேன். என்னோடு நிற்கிற நான்கு பெண்களும் தமிழர். ஞாயிற்றுக்கிழமை தமிழில் பூசை. இந்த நாட்டில் ஆங்கிலம் இல்லாமலே ஒரு கிழமையை முழுதாக ஓட்டிவிடலாம் என்பதை யாரும் ஊரில் நம்பமாட்டார்கள்.

ஜெனி இங்கே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஒரே வருடத்தில் மொழி அவள் வாயில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டின் வாய் அவள்தான். வாடகை அலுவலகம், காஸ் கம்பனி, அவளுடைய பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் எங்களுக்கு நடுவில் அவள் நிற்பாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதானபோது அவளுக்கு அது வெட்கமாகிவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் ஏறினோம். சாரதி என்னிடம் ‘சிங்கிளா’ என்று ஏதோ கேட்டார். இல்லை, எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று நான் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். போகமட்டுமா, திரும்பிவரவுமா என்று அவர் கேட்டது டிக்கட்டைப் பற்றி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெனி நேரே போய்ப் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்வரை அவள் என்னைத் தெரிந்தவள் மாதிரியே இல்லை.

அந்தக் கிழமையே நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பில் பெயர் கொடுத்தேன். பெயர் கொடுத்ததோடு சரி. செவ்வாயும் வெள்ளியும் போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்து ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வந்தேன்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. இரண்டு கிழமை பேசாமல் இருந்தேன். பிறகு ஜெனியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரலாம் என்றார்கள். அப்படி ஒருமுறை பேசியிருக்கிறேன். மறுமுனையில் வந்தவர் ஓர் ஆண்பிள்ளை, என் அண்ணன் வயது இருக்கும். அவரிடம் போய் மார்பில் கட்டி என்று எப்படிச் சொல்வது? ஜெனி முந்திக்கொண்டு, தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிறையப் பேசினார். ஜெனியின் முகம் அசையவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து கேட்டேன்.

“சும்மா கொழுப்புக் கட்டியாம்மா. பெரிய ஆஸ்பத்திரில ஒரு படம் எடுத்துப் பார்ப்பாங்களாம். அவ்வளவுதான்.”

அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆங்கிலம் நீளமான மொழி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

3

எனக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வேறு மாதிரியானது.

பத்தொன்பது வயதில், மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் வழியில், வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பத்திக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைத் துணியில் சூடான மெழுகால் படத்தின் கோடுகளை வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு கொதிநீரில் மெழுகை எடுக்கிற வேலை. பின்கட்டில் ஒன்பது பெண்கள். முன்கட்டில் துணிகளைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும். தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகிற உல்லாசப் பயணிகளின் பஸ்கள் வாசலில் நிற்கும். கடைக்காரியை நாங்கள் நோனா என்போம். சிங்களப் பெண்மணி, கறாரானவர், ஆனால் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதில்லை.

முன்கட்டில் நின்று வெள்ளைக்காரர்களுக்குப் படங்களை விளக்கிய பெண், கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள். நோனா பின்கட்டுக்கு வந்து, மார்கழியில் பயணிகள் வரத் தொடங்குமுன் பத்துத் துணிகளை ஆங்கிலத்தில் விளக்க யாருக்கு முடிகிறதோ அவளுக்கு அந்த இடம் என்றார். அங்கே நாற்காலி உண்டு. மெழுகுப் புகை இல்லை. ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர்: நானும் சிரியாணியும்.

சிரியாணி லக்கலைப் பக்கத்தில் காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்யும் விவசாயியின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஊருக்கு நாளுக்கு ஒரு பஸ்தான் என்பதால் நாலந்தாவில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். போட்டி போட வேண்டிய நாங்கள் சேர்ந்து படிக்க வேண்டியதாயிற்று. காரணம், பழைய ஆங்கில வாசிப்புப் புத்தகம் என்னிடம் இருந்தது, அகராதி அவளிடம் இருந்தது. சிங்களம்தான் எங்களுக்குள் பொதுமொழி. அகராதியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று சண்டை வந்தபோது அவள் மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்து அதை நடுவால் அறுத்துவிட்டாள். கிழமைக்கு ஒருமுறை பாதியை மாற்றிக்கொண்டோம். முதல் பாதி என் கையில் இருந்த கிழமைகளில் எனக்கு ‘வாட்டர்’ என்ற சொல்லையே பார்க்க வழியில்லை.

என் புத்தகத்தில் நகர வாழ்க்கையும் கிராம வாழ்க்கையும் என்று ஒரு பாடம் இருந்தது. கிராமத்தில் காற்று தூய்மையானது, மக்கள் திருப்தியானவர்கள். நகரத்தில் சத்தமும் அவசரமும் என்று போகும். சுவரில் தொங்கிய துணிகளும் அப்படியேதான் பிரிந்திருந்தன. ஒரு பக்கம் வயல், நெற்கதிர்ச் சூடு மிதிக்கும் எருமைகள், நெல் தூற்றும் பெண்கள், யானை. மறுபக்கம் சந்தை, மாட்டுவண்டி நிற்கிற தெரு, மாசி மகத் தேர். பாடத்தின் வாக்கியங்களைப் பிய்த்துப் பிய்த்துப் படங்களின் மேல் ஒட்டினோம். எங்கே தொடங்குவது என்று குழம்பாமல் இருக்க ஒரு விதி செய்துகொண்டோம். எந்தப் படமானாலும் இடது மூலையில் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். அழகு, துக்கம் எல்லாம் கடைசியில்.

ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. திருப்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடிக் கண்டுபிடித்த சிரியாணி, அதைச் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய அப்பாவின் சேனையை இரண்டு வருடமாக யானை தின்கிறது. நெல் தூற்றும் துணியைக் காட்டி, இதில் காற்று விழவில்லை, பார், இவள் வானத்தைப் பார்க்கிறாள், இவளுக்கு எங்கே திருப்தி என்று கேட்டாள். அந்தத் துணியைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெண் வானத்தைப் பார்ப்பது அன்றுதான் தெரிந்தது.

நான் அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். பத்துத் துணிகளையும் ஒப்பித்தேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு, இதில் உன் வீடு எங்கே என்றார். கேள்வி விளங்கியது. ஆனால் நாங்கள் படித்ததெல்லாம் அவன், அவள், அவர்கள். ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. நான் பிறந்தது றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில். பஞ்ச வருடத்தில் அங்கிருந்து டவுனுக்கு வந்து, கடைக்குப் பின்னால் ஓர் அறையில் வளர்ந்தேன். சுவரில் லயமும் இல்லை, கடைக்குப் பின்னாலுள்ள அறையும் இல்லை.

பின்கட்டிலிருந்து சிரியாணியின் குரல் வந்தது. “இவளுடைய வீடு படத்தில் இல்லை, மேடம். என் வீடும் இல்லை.” ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

அந்த அம்மாள் அவளை முன்னால் கூப்பிட்டுப் பேசினார். யானைத் துணியை வாங்கினார். அடுத்த நாள் நோனா இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டார்.

4

ஆஸ்பத்திரிக்கு அடுத்த வியாழக்கிழமை போக வேண்டும் என்று ஜெனி சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுக்கப் பள்ளிப் பையைத் திறந்தேன். சாப்பாடு அப்படியே இருந்தது. பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு துண்டுப்பிரசுரம். முகப்பில் ஒரு பெண்ணின் படம். தலைப்பில் இருந்த சொற்களில் ஒன்றை எனக்கு வாசிக்கத் தெரிந்தது. அதை எந்த மொழியிலும் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே விரித்தேன். ஆங்கில வரிகளுக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தது. ஜெனியின் கையெழுத்து. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை அவள் விட்டு இரண்டு வருடமாகிறது. ‘புட்ரு நோய்’ என்று எழுதி அருகில் ஒரு கேள்விக்குறி. ‘ஆப்பரேசன்’ என்று எழுதி, வெட்டி, மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். ஓரத்தில் ‘பயபட வேனாம்’, ‘பயப்பட வேனாம்’, ‘பயப்பட வேண்டாம்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, எது சரி என்று பார்த்துப் பழகியிருந்தாள்.

என் நோய்க்காக அன்று நான் அழவில்லை. அந்த மூன்று வரிகளைப் பார்த்துத்தான் அழுதேன்.

அவள் வந்ததும் பிரசுரத்தை மேசையில் வைத்தேன்.

“இது எத்தன நாளா உன்கிட்ட இருக்கு?”

“அன்னைக்கே எடுத்தேன். டாக்டர்கிட்ட இருந்து.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

பிரசுரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அப்படி இருக்கலாம்னு சொன்னாங்க. இல்லாமலும் இருக்கலாமாம். எனக்குத் தமிழ்ல அதச் சொல்லத் தெரியலம்மா. இங்கிலீஷ்ல சொன்னா நீங்க பயந்துருவீங்க. சரியா எழுதிப் பழகிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

பதினான்கு வயது. இந்தச் சொல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஏழெட்டு நாளாகப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். என்னை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியபிறகு சொன்னேன், “இனிமே என் உடம்பப் பத்தி நீ பேச வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் நீ வர வேண்டாம். நான் பேசுறேன்.”

“எப்படிம்மா?” என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கையில் ஒரு கிழமை இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வகுப்பு நாள். எங்கள் ஆசிரியை ஹெலன், என் வயதுக்காரி, எப்போதும் கழுத்தில் கண்ணாடி தொங்கும். அன்று இரண்டு ஓவியங்களின் பெரிய பிரதிகளைக் கொண்டுவந்து பலகையில் ஒட்டியிருந்தாள். ஒன்று கிராமம்: வைக்கோல் வண்டி, குதிரைகள், களத்தில் தானியம் தூற்றும் பெண்கள். மற்றது நகரம்: மழை நனைத்த தெரு, ஆலைப் புகைக்கூண்டுகள், குனிந்து போகும் மனிதர்கள். இரண்டையும் விவரித்து, எந்த வாழ்க்கை நல்லது என்று சொல்ல வேண்டும். கிராமம் நல்லது, நகரம் கெட்டது என்று ஒருவர் தொடங்க, எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

நான் கை தூக்கினேன். ஆறு மாதத்தில் முதல்தடவை.

முதல் படத்தின் இடது மூலையில் தொடங்கினேன். வண்டி, சக்கரம், குதிரையின் வாயில் நுரை. களத்துக்கு வந்ததும், பெண்கள் ‘வின்னோவிங்’, அதாவது தூற்றுதல், செய்கிறார்கள் என்றேன். ஹெலன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியாது. இந்த ஊர்க்காரருக்கே இப்போது தெரியாதாம். இவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று ஹெலன் கேட்டாள். இல்லை என்றேன். காற்றுப் போதவில்லை, அதோ அந்தப் பெண் வானத்தைப் பார்க்கிறாள் என்று காட்டினேன். எல்லோரும் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்கள். உண்மையாகவே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஹெலனிடம் போனேன். வார்த்தைகளை வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். “படம் சொல்ல எனக்குத் தெரியும். என்னைச் சொல்லத் தெரியாது. வியாழக்கிழமை நான் என்னைச் சொல்ல வேண்டும்.” பிறகு கட்டி இருக்கிற இடத்தில் கையை வைத்தேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

இரண்டாவது படத்தை அன்று நான் விவரிக்கவில்லை. புகையும் நனைந்த தெருவும் இருந்த அந்தப் படத்தைப் பார்த்ததும் வாய் கட்டிக்கொண்டது. ஒரு தெருவை நான் ஆங்கிலத்தில் விவரித்திருக்கிறேன், ஒரே ஒருமுறை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளைப் பெரிய தெரு எரிந்தது உங்களுக்குத் தெரியும். அப்பா நின்ற கடை போயிற்று. அதற்குப் பின்னால் இருந்த எங்கள் அறையும் போயிற்று. நாங்கள் உயிர் தப்பி ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். சில நாள் கழித்து அப்பா கடையைப் பார்க்கப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நானும் கூடப் போனேன். அதன் பிறகு எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது. அம்மா கேட்டாலும் ஒரு சொல், இரண்டு சொல். முகாமில் வந்து பெயர் எழுதிய அதிகாரியிடம்கூட அம்மாதான் பேசினாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பத்திக் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு பஸ்ஸும் இல்லை. பின்கட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சிரியாணி மட்டும் முன்கட்டில் தன் நாற்காலியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். சிங்களத்தில் ஏதோ தொடங்கி, நிறுத்திவிட்டாள். நானும் அவளோடு சிங்களம் பேச விரும்பவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த மொழியில் அன்று கூச்சல்களைக் கேட்டிருந்தேன். தமிழோ அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்து வெறும் தெருவைப் பார்த்தோம்.

பிறகு அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், “இடது மூலையில் என்ன இருக்கிறது?”

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“இடது மூலையில் ஒரு கடை இருக்கிறது. கடைக்குக் கூரை இல்லை. கடைக்கு முன்னால் அரிசி இருக்கிறது. அரிசி கறுப்பாக இருக்கிறது. நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் சாம்பலுக்குள் கையை விட்டுத் தேடுகிறார். அவர் ஒரு சாவியைத் தேடுகிறார். கதவு இல்லை. அவர் என் அப்பா.”

அதோடு நிறுத்தினேன். அவளும் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, அம்மாவிடம் தமிழில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வேறொரு மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டதால் என் மொழியில் சொல்ல முடிந்தது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளக்கத் தெரியாது.

கடையை நோனா அடுத்த வருடத் தொடக்கத்தில் மூடிவிட்டார். சிரியாணி லக்கலைக்குப் போய் இரண்டு கடிதம் போட்டாள். நான் மூன்று போட்டேன். பிறகு சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியில் அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் காணாமல் போன வருடங்கள் வந்தன. அதன் பின் பதில் இல்லை. தோட்டத்து ஆட்கள் என்பதால் எங்கள் குடும்பத்துக்கு இல்லாதிருந்த குடியுரிமைக் கடதாசி ஒழுங்காகி என் கையில் கடவுச்சீட்டு வந்தபோது, எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அலுவலகம் அலுவலகமாக அலைந்த அந்தக் காலம் முழுக்க, நோனாவின் கடையில் படித்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக்கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை. இப்போது வன்னி யுத்தத்திலிருந்து வரும் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்தச் சாம்பல் தெருவே மறுபடி தெரிகிறது.

6

அந்தச் சனியும் திங்களும் ஹெலன் தன் நேரத்தை எனக்குக் கொடுத்தாள். செவ்வாய் வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டாள். ஆண்கள் இருக்கிறார்களே என்று தயங்கினேன். என் பக்கத்து மேசை ஹலிமா, சோமாலியாப் பெண், எழுந்து நின்று, ஆண்கள் எல்லோரும் போய்த் தேநீர் குடியுங்கள் என்றாள். அவர்கள் மறுபேச்சில்லாமல் போனார்கள். ஹலிமாவே டாக்டரானாள். ஹெலனைவிட அவள்தான் கடுமையானவள். கட்டி எவ்வளவு பெரிது என்றாள். சிறியது என்றேன். சிறியது என்றால் எனக்கு விளங்காது, எதைப் போல என்றாள். மிளகைவிடப் பெரியது, ஜாதிக்காயைவிடச் சிறியது, ஏலக்காய் அளவு என்றேன். ஏலக்காய் அவளுக்குத் தெரிந்திருந்தது. சரி, அசைகிறதா, வலிக்கிறதா, எப்போது கண்டாய், உன் தாய்க்கு இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிலையும் ‘நான்’ என்றோ ‘எனக்கு’ என்றோ தொடங்கச் சொல்லி ஹெலன் திருத்தினாள். அந்த மூன்று நாளில் நான் அந்தச் சொல்லைப் பேசியதுபோல் அதற்கு முன் வாழ்நாளில் பேசியதில்லை, எந்த மொழியிலும்.

வியாழக்கிழமை ஜெனியைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். “நான் பேசுவேன். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள்,” என்றேன். பிறகு ஒத்திகையில் சொன்ன வரிசையில் சொன்னேன். இரண்டு இடத்தில் காலம் பிசகியது. ஏலக்காய் என்றதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எழுதிக்கொண்டார். விளங்காத இடங்களில் நிறுத்தி, எழுதித் தரச் சொன்னேன். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோறு போட்டுச் சாப்பிட்டேன், காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.

முடிவு சொல்லும் நாளுக்குச் சேவியர் அரைநாள் லீவு போட்டு வந்தார். அவருக்கு என்னைவிட ஆங்கிலம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து என் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அம்மா பேச்சைத் தொடங்கி இழுத்தபோது அந்தச் சொல்லை நானே சொல்லிக் கேட்டேன். ஆமாம் என்றார். சின்னதா என்றேன். சின்னது, சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மார்பை வரைந்து, அதில் ஒரு புள்ளி வைத்தார். படத்தைக் கண்டதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் கேட்டேன். இங்கே வெட்டுவீர்களா? இது இருக்குமா? இந்தக் கோடு என்ன? கை தூக்க முடியுமா? எப்போது வேலைக்குப் போகலாம்? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சேவியருக்கு அங்கேயே தமிழில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “பிள்ளைகிட்ட யாரு சொல்றது?” என்றார்.

“நான்தான்,” என்றேன்.

அவரைத் தொழிற்சாலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜெனியின் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். நான் அங்கே போய் நிற்பது அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும். சிநேகிதிகளோடு வந்தவள் என்னைக் கண்டதும் அவர்களை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. பலகையில் உட்கார்ந்தோம். டாக்டர் வரைந்த தாளை அவள் மடியில் விரித்துவைத்துச் சொன்னேன். நோயின் பெயரை முதலில் சொன்னேன். அடுத்த மாதம் வெட்டி எடுப்பார்கள், மார்பு முழுவதையும் அல்ல, இந்தப் பகுதியை மட்டும். அதன் பிறகு சில கிழமை கதிர் வைத்தியம். பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார் டாக்டர். பெரும்பாலும் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை. அதையும் சொன்னேன்.

ஜெனி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் சொல்றீங்களா? எதையும் விடலையே?”

“ஒண்ணையும் விடல.”

“முடி கொட்டுமாம்மா?”

அதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“தெரியல. வர்ற வியாழக்கிழமை திரும்பப் போகணும், கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது. டிக்கட்டை நான் கேட்டு வாங்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இரண்டு நிறுத்தம் போகுமுன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்தோம்.